நாலு இட்லியின் விலை

தூரத்தில் அவர் வருவதைப் பார்த்ததும் அவள் இட்லித் துணியை உதறுவதை நிறுத்தினாள்.

தோளில் அதே பை. மாசத்தின் முதல் வாரம் தவறாமல் வந்துவிடுகிற மனுஷன்.

இரண்டு வருஷமாக வருகிறார். ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. விலையைக் கேட்பார், தாளில் குறிப்பார், போய்விடுவார்.

முதல் தடவை வந்தபோது, சும்மா ஒரு கணக்குக்குத்தான் என்றார். அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் தள்ளுவண்டி போட்டுப் பிழைக்கிறவளிடம் சர்க்கார் ஆள் வந்து சும்மா என்றால் நம்ப முடியுமா? வரி போடுவார்கள். வண்டியைத் தூக்குவார்கள்.

நாலு இட்லி இருபத்தைந்து ரூபாய் என்றாள்.

அப்போதே முப்பதுக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தாள்.

பிறகு உளுந்து ஏறியது. சிலிண்டர் ஏறியது. தேங்காயைத் தொட முடியவில்லை, சட்னியில் பொட்டுக்கடலைதான் மிச்சம். இட்லி முப்பத்தைந்தாகி, நாற்பதில் வந்து நின்றது. அவருக்கு மட்டும் இருபத்தைந்து.

நல்லா ஏமாற்றினோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட இருந்தது.

நேற்று சாயங்காலம் வரைக்கும்.

அவள் புருஷன் ஏகாம்பரம் போல்ட் கம்பெனியிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். விலைவாசிக்குத் தக்கபடி கூடவேண்டிய பஞ்சப்படி இந்த முறையும் கூடவில்லை. வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரம் ஏற்றியிருந்தார். முடியாவிட்டால் மாசக் கடைசியில் காலி செய்யவேண்டும். பஞ்சப்படியை நம்பித்தான் இருவரும் தலையாட்டியிருந்தார்கள்.

விலை ஏறவில்லை என்று எவன் சொன்னான் என்று அவள் கத்தினாள்.

சங்கத்தில் கேட்டதை அவன் சொன்னான். எஸ்டேட் பக்கம் சில கடைகளைக் குறித்து வைத்திருக்கிறார்களாம். மாசாமாசம் ஓர் ஆள் போய் விலை கேட்பாராம். அந்த விலை ஏறினால்தான் பஞ்சப்படி ஏறுமாம்.

எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டாள்.

தோளில் பை மாட்டிக்கொண்டு வருவாராம்.

தான் சொல்லிவந்த இருபத்தைந்து அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனிடம் அதை மறைத்துவிட்டாள்.

காலையில் மாவு ஊற்றும்போதும் கோபம் ஆறவில்லை. இன்ன வேலைக்கு வருகிறேன் என்று புரியும்படி சொல்லித் தொலைக்காத அந்த மனுஷன் மேல் கோபம். கேட்டுத் தொலைக்காத தன் மேல் கோபம். தள்ளுவண்டிக்காரி ஒருத்தியின் வாய்ப்பேச்சை வைத்து இத்தனை பேர் சம்பளத்தை அளக்கிறவர்கள் மேல் எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாலு இட்லி வாங்கித் தின்று காசு கொடுத்திருந்தால் தெரிந்திருக்காதா?

அவர் வண்டியருகே வந்து நின்றார்.

"நாலு இட்லி எவ்வளவும்மா?"

"நாப்பது."

பேனா நின்றது.

"போன மாசம் இருபத்தஞ்சு சொன்னீங்களே."

"போன மாசமும் நாப்பதுதான். பொய் சொன்னேன். எழுதிக்கங்க."

அவர் பாவம்போல் சிரித்தார். ஒரே மாசத்தில் இவ்வளவு ஏறினால் ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள் என்றார். என்ன கோபம் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"இன்னா கோவமா? என் இட்லி வெலை எனக்குத் தெரியாதா?"

வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருமே அந்தப் பஞ்சப்படிக்குக் காத்திருந்தவர்கள்தான். சத்தம் கேட்டு, லேத் ஓட்டும் டில்லிபாபு தட்டோடு திரும்பினான். பையைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தைந்து என்று அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. விலையைக் கூட்டிவிட்டதாக எவனோ அதிகாரி வந்து அக்காவை மிரட்டுகிறான் என்று முடிவு கட்டினான்.

"சார், அக்கா ஏதோ கடுப்புல சொல்லுது. இருபத்தஞ்சுதான். நான் டெய்லி இங்கதான் துன்றேன்."

மற்றவர்களும் வாயில் இட்லியோடு தலையாட்டினார்கள்.

"டேய், வாய மூடு. நாப்பது சார். சத்தியமா நாப்பது."

அவள் சத்தியம் செய்யச் செய்ய அவர் முகத்தில் சந்தேகம்தான் கூடிக்கொண்டு போனது. விற்கிறவள் ஒருத்தி கூட்டிச் சொல்கிறாள். காசு கொடுத்துத் தின்கிறவர்கள் அத்தனை பேரும் குறைத்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

"வாங்கறவங்க சொல்றதுதாம்மா சரியா இருக்கும்."

குறித்துக்கொண்டு நகர்ந்தார். அவள் கரண்டியோடு பின்னாலேயே ஓடினாள். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது டில்லிபாபு கை கழுவிக்கொண்டிருந்தான். நல்ல காரியம் செய்துவிட்ட சிரிப்பு முகமெல்லாம்.

"பயப்படாதக்கா. நாங்க இருக்கறப்ப உன் வண்டி மேல எவன் கை வெப்பான்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கம்பெனிச் சங்கு ஊதியது.

அவன் இரண்டு இருபது ரூபாய்த் தாள்களை டப்பாவில் போட்டுவிட்டு ஓடினான்.