சத்தத்தை அணைத்த டீச்சர்

"காது கேட்காத பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னா, வீடியோவைப் போட்டுட்டு ஓரமா நின்னுக்கிறீங்களாமே? அதுவும் சத்தத்தை அணைச்சுட்டு?"

தலைவர் உட்காரக்கூட இல்லை. வகுப்பறை வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவராக ஆலை வாசலில் நின்று முதலாளிகளை நடுங்க வைத்தவர். இப்போது காது கேளாதோர் பள்ளியின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து டீச்சர்களை நடுங்க வைக்கிறார்.

"பெத்தவங்க ஆசை ஆசையா காதுல மெஷின் மாட்டி அனுப்புறாங்க. நீங்க சத்தத்தை நிறுத்தினா அவங்க வயிறு எரியுமா, எரியாதா?"

"எரியும் ஐயா," என்றாள் டீச்சர். "ஆனா மெஷின் பாதிப் பேருக்குத்தான் இருக்கு. சத்தம் வெச்சா மெஷின் இருக்கிறவங்க திரையைப் பார்க்க மாட்டாங்க. மத்தவங்க அவங்களைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. நான் சொல்லிக் கொடுக்கிறது உதட்டைப் படிக்கிறதுக்கு."

"அதுக்கு நீங்க நேரா பேசினா ஆகாதா?"

"என் உதடு அவங்களுக்குப் பழகிப்போச்சு. வெளியே போனா டிரைவர் உதட்டைப் படிக்கணும், டாக்டர் உதட்டைப் படிக்கணும். அவங்ககிட்ட போய் 'இன்னொரு தரம் சொல்லுங்க'ன்னு பத்து தடவை கேட்டா அடிக்க வருவாங்க. வீடியோ கோவிச்சுக்காது."

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை.

"சரி, நான் சொல்ற வீடியோவைப் போடுங்க. பிள்ளைங்களுக்கு விளங்கிச்சுன்னா திரை இருக்கட்டும். இல்லேன்னா கையோட கழட்டிட்டுப் போறேன்."

டீச்சர் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரை வந்த பிறகுதான் கடைசி பெஞ்சுப் பெண் மருந்துக் கடைக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கியிருந்தாள்.

"எந்த வீடியோ ஐயா?"

"என்னோடதுதான். ஆலை வாசல் பேச்சு. யாரோ நெட்டுல ஏத்தி விட்டிருக்கான், லட்சக்கணக்குல பார்த்திருக்காங்க. கையில ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அப்படியே நெஞ்சுலேருந்து வந்தது."

கூட வந்திருந்த தலைவரின் மனைவி அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் ஓடியது. மைக்கின் முன் இளம் வயதுத் தலைவர். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெண்.

"என் குரலையே அணைச்சுட்டா அப்புறம் இதுல என்னம்மா இருக்கு?" என்று முனகினார் தலைவர்.

பிள்ளைகள் இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். பார்த்து முடித்ததும் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். அவள் கைகள் வேகமாகச் சைகை பேசின.

*பின்னால் நிற்கும் அக்காதான் முதலில் சொல்கிறார். அவர் சொன்னதைத்தான் இவர் சொல்கிறார்.*

டீச்சர் படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது. 'உழைப்பு எங்களுது, பேரு உங்களுதா?' என்று கூட்டத்தைக் கொந்தளிக்க வைத்த அந்த வரி, முதலில் பின்னால் நின்ற பெண்ணின் உதட்டில்தான் சத்தமில்லாமல் அசைந்தது. பிறகுதான் அவர் வாய் திறந்தார். ஒவ்வொரு வரியும் அப்படித்தான்.

லட்சக்கணக்கான பேர் கேட்டார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

டீச்சர் திரையைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள்.

"உங்க பேச்சு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றா ஐயா."

"பார்த்தீங்களா, சத்தமே இல்லாம போய்ச் சேர்ந்திருக்கு."

பெஞ்சை யாரோ தட்டினார்கள். கடைசி பெஞ்சுப் பெண்தான். டீச்சரின் உதட்டைப் படித்துவிட்டாள்.

*நான் அப்படிச் சொல்லவில்லை. ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?*

வகுப்பே டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி அங்கே பொய் சொல்ல இடமில்லை.

"இப்ப என்னவாம்?"

"மன்னிச்சுக்குங்க ஐயா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். உங்க பின்னாடி நிக்கிறவங்கதான் ஒவ்வொரு வரியையும் முதல்ல சொல்றாங்களாம். நீங்க அதைத்தான் பேசுறீங்களாம்."

தலைவரின் முகம் வெளிறிவிட்டது.

"அது... என் சம்சாரம்தான். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும்."

நெஞ்சிலிருந்து அப்படியே வந்த பேச்சை அந்த அம்மாள் எப்போது கேட்டு மனப்பாடம் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, விளங்கிடுச்சு. திரை இருக்கட்டும். கிளம்பலாம், எந்திரி."

டீச்சருக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை. மறுபடியும் கைகளை அசைத்தாள்.

"இன்னும் என்ன?" வாசலில் நின்றபடியே கேட்டார் தலைவர்.

திரை பிழைத்துவிட்டது. இத்தோடு வாயை மூடிக்கொள்ளலாம். டீச்சர் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். மூட முடியவில்லை.

"நீங்க கையை உயர்த்திப் பேச்சை முடிச்சுட்டீங்க. ஆனா அவங்க உதட்டுல இன்னும் ஒரு வரி இருக்காம். அதை நீங்க சொல்லவே இல்லையாம்."

தலைவர் எந்த வரி என்று கேட்கவில்லை.

"அதையும் படிச்சுட்டாளா?" என்றார் அந்த அம்மாள். மடியிலிருந்த பையைப் பெஞ்சில் வைத்தார். "என்னன்னு சொல்லும்மா. நான் எழுதினது எனக்கே சரியா ஞாபகம் இருக்கான்னு பார்க்கிறேன்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் உதடு தெரியும்படி திரும்பி நின்று டீச்சர் சொன்னாள்:

"'அடுத்து, என் மனைவி பேசுவார்.'"