முனியாண்டி கொடுத்த மூன்று புகார்

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுண்ணே. நீங்க அனுப்பியிருந்தா சிங்கப்பூர்ல இருக்கும்."

முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான் சேகரன்.

"மூணு தடவ அனுப்பினேன் தம்பி," என்றார் முனியாண்டி. "நாலாம் நம்பர் மிஷின் சூடாவுது, தீஞ்ச வாடை வருதுன்னு. நீங்க சுவத்துல ஒட்டியிருக்க மாதிரியேதான்லா செஞ்சேன்."

"திரையில என்ன வந்துச்சு?"

"அனுப்பியாச்சுன்னு பச்சை எழுத்து வந்துச்சு."

"எல்லாரும் இப்ப அதத்தான் சொல்றாங்க."

முனியாண்டி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சரி. நீங்க படிச்ச பிள்ளை. நான் என்ன சொல்ல?"

வீட்டுக்குப் போகும் ஜாசின் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அது 1999. மலேசியாவில், மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலை. மிஷின் பழுதை வாயால் சொல்லும் வழக்கம் போய், எல்லாம் கம்ப்யூட்டர் என்றாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. புகார்ப் படிவமான பாரத்தை எழுதி ஸ்கேனரில் வைக்க வேண்டும். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரைத் தட்ட வேண்டும். பட்டனை அழுத்தினால், பாரம் இணையம் வழியே சிங்கப்பூர் தலைமை அலுவலகத்தின் புகார்ப் பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அனுப்பும் புரோகிராமை எழுதியவன் சேகரன்.

போன வாரம் நாலாம் நம்பர் மிஷின் எரிந்துபோனது. ஓட்டியவர் முனியாண்டி. பதிவேட்டில் அவர் கொடுத்த புகார் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை. பதினோரு வருட வேலை அன்றோடு போய்விடும் என்று பேச்சு.

மறுநாள் கேண்டீனில் சேகரன் வழக்கம்போலத் தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாலு வருடமாக அந்த மேசைக்கு வேறு யாரும் வந்ததில்லை. மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு அவன் ஆபீஸ்காரன். ஆபீஸ்காரர்களோ கார் எடுத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போய்விடுவார்கள்.

தட்டோடு வந்த முனியாண்டியைப் பார்த்து, மிஷின் ஓட்டும் மாரியம்மா சத்தமாகவே சொன்னாள்.

"இங்க வாங்கண்ணே. அந்தப் பக்கம் போவாதீங்க. அங்க போனது எதுவும் போய்ச் சேராது."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"நான் அனுப்பினதும் சேரலலா," என்றாள் அவள். "கேட்டா, உங்களுக்குப் பாரம் நிரப்பத் தெரியலேங்கிறாங்க."

அப்படிச் சொன்னவன் சேகரன்தான். பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டான்.

நேராக மிஷின் கூடத்துக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரைத் திறந்தான். ஸ்கேன் செய்த பாரங்களின் நகல் அதில் தங்கியிருக்கும். அதுவரை அவன் அதைத் திறந்து பார்க்கவே இல்லை.

முனியாண்டியின் பாரங்கள் இருந்தன. மூன்று. கோணல்மாணலான கையெழுத்து, ஆனால் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. மாரியம்மாவுடையது ஒன்று.

சிங்கப்பூர்ப் பதிவேட்டைப் பார்த்தான். சுல்கிஃப்லியின் புகார் இருந்தது. ஆ செங்கின் புகார் இருந்தது. தமிழர் பெயர் ஒன்றுகூட இல்லை.

முனியாண்டியின் முழுப் பெயரைத் தட்டி ஒரு வெற்றுப் பாரம் அனுப்பினான். பச்சை எழுத்து வந்தது. பாரம் போய்ச் சேரவில்லை.

தன் பெயரைத் தட்டி அனுப்பினான். போய்ச் சேர்ந்தது.

இரண்டு பெயர்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தவன், நாலு பாரங்களையும் பிரதி எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, விசாரணை நடத்தும் பணியாளர் அதிகாரி எட்வினின் அறைக் கதவைத் தட்டினான்.

"முனியாண்டி அண்ணன் மேல தப்பில்ல சார். என் புரோகிராம் மேலதான் தப்பு."

எட்வின் பேனாவை மூடி வைத்தார். "புரியற மாதிரி சொல்லுங்க."

"புகார் நம்பரையும் பேரையும் ஒட்டித்தான் சார் பாரத்துக்கு முகவரி போடும். நம்ம ஆளுங்க பேருல, இன்னார் மகன்கிறதுக்கு ஏ/எல் வருது. பொம்பளைங்களுக்கு ஏ/பி. நடுவுல அந்தச் சாய்கோடு வந்தா, அது பேருன்னு சிங்கப்பூர் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் முகவரியில சாய்கோடுன்னா, ஒரு அறைக்குள்ள இன்னொரு அறைன்னு அர்த்தம். அந்த அறையப் போய்த் தேடும். இருக்காது. பாரத்தை விட்டுடும்."

"அப்ப பச்சை எழுத்து?"

"அங்கேயிருந்து பதில் வர்றதுக்குள்ள காட்டிடுது. அதுவும் நான் எழுதினதுதான். பாரமெல்லாம் இங்க நகல் இருக்கு சார், தேதியோட. எடுத்துட்டு வந்திருக்கேன்."

எட்வின் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"முனியாண்டி பொழச்சாரு," என்றார். "உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், பரவால்லியா?"

"வரட்டும் சார்."

"இத நீங்களாவே வந்து சொன்னீங்க பாருங்க, அது பெரிசு. ஆனா ஒண்ணு கேக்கணும். சோதிச்சுப் பாக்காமலா மாட்டினீங்க?"

"இருபது தடவ பாத்தேன் சார். ஒண்ணுகூடத் தவறல."

"யாரு பேரப் போட்டு?"

"என் பேரத்தான்."

எட்வின் அலமாரியிலிருந்து அவனுடைய ஃபைலை எடுத்தார். ஐ.சி. நகலில் விரலை வைத்தார்.

"சேகரன் ஏ/எல் அப்புசாமி. உங்க பேருலயும் அந்தக் கோடு இருக்கே? இருபது தடவயும் காணாமப் போயிருக்கணுமே."

சேகரன் ஃபைலை மெல்ல மூடினான்.

"அப்பா பேர நான் எங்கயும் எழுதுறதில்ல சார். அப்புசாமின்னு எழுதினா, எந்த ரப்பர் எஸ்டேட்டுக் கூலி மகன்னு கேப்பாங்க."