கூடாரத்து அடுப்பு

"இந்த ரெட்டை அடுப்பு வேணாம்மா. ரெண்டே பேருக்கு எதுக்கு? தூக்கிட்டு மலையேறினா முதுகு ஒடிஞ்சிடும். சின்னதே போதும்."

சொன்னவருக்கு அறுபது வயது இருக்கும். கடை அலமாரியிலிருந்து சின்ன கேஸ் அடுப்பை எடுத்து, மடங்கியிருந்த மூன்று கால்களையும் விரித்துக் காட்டினார்.

"விலை கூடினதை நம்ம தலையில கட்டாத மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று கணவனின் காதில் கிசுகிசுத்தாள் அவள்.

"பாத்திரம் எப்படிப் பார்த்து எடுக்கணுங்க?" என்றான் அவன்.

"மூடியோட எடுங்க. சீக்கிரம் கொதிக்கும், கேஸும் மிச்சம். கைப்பிடி மடங்கணும்."

"அதெல்லாம் எதுக்குங்க? சமைக்கப்போறது இவரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சாப் போதும்!"

கணவன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை.

"மழை வந்துட்டா டென்ட்டுக்குள்ளேயே வெச்சுச் சமைச்சுக்கலாம்ல?" என்றான் கணவன்.

"கூடாது!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு..."

"திறந்தாலும் கூடாது, மூடினாலும் கூடாது. அதுல வர்ற விஷக்காத்து கண்ணுக்குத் தெரியாது தம்பி, வாசனையும் இருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மழை வந்தா பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுங்க. உள்ளே பத்த வைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் தருவேன்."

அடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னங்க இது கூத்து? காசு கொடுத்து வாங்குற பொருளுக்குச் சத்தியமா?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

கணவன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான். "சரிங்கய்யா. சத்தியமா வெளியிலதான்."

இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைக் கொடுத்தார்.

கல்லாவில் அவள் பொரிந்து தள்ளினாள். "நல்லாத்தான் எடுத்துக் கொடுக்கிறாரு, இல்லைங்கலை. அதுக்காக வாங்க வர்றவங்ககிட்ட இப்படியா கத்துறது? உங்க ஆளைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

முதலாளி பில் போடுவதை நிறுத்தினார்.

"அவர் இங்க வேலை பார்க்கலைம்மா. விட்டு ஆறு வருஷம் ஆச்சு. சனிக்கிழமையானா வந்து அந்த அலமாரிகிட்ட நின்னுக்குவார். நானும் தடுக்கிறதில்லை."

"ஏன்?"

"வேலையில இருந்தப்போ அவர் கடைசியா அடுப்பு எடுத்துக் கொடுத்தது சொந்த மகளுக்கும் மருமகனுக்கும். மழை வந்தா உள்ளேயே வெச்சுச் சமைச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பினதும் அவர்தான்."