கத்தாத கேற்

"கேற்றுக்குப் புஷ் போட்டா அறை நிலைக்குமோ, மச்சான்?"

வரதராசா கேட்டபோது நாகேந்திரம் சிரிக்கவில்லை. இருவருக்கும் களனியில் ஒரு தொழிற்சாலையில் எந்திரப் பகுதியில் வேலை. யுத்தகாலக் கொழும்பில், தனி ஆளான யாழ்ப்பாணத்தானுக்கு அறை கிடைப்பதே பெரும்பாடு. வெள்ளவத்தையில் நளீபா உம்மா வீட்டுப் பின்னறை நாகேந்திரத்துக்கு எப்படியோ வாடகைக்கு அமைந்திருந்தது. அதற்கும் வாசல் கேற் உலை வைக்கப் பார்த்தது. மாலையில் வேலைவிட்டு வந்து நாகேந்திரம் திறந்தால் தெருவுக்கே கேட்கும்படி அலறும். உடனே உம்மாவின் யன்னல் திரை விலகும். நாகேந்திரம் அறைக்குள் போகும்வரை பார்ப்பார். சத்தம் பொறுக்காமல் ஒருநாள் அறையை விடச் சொல்லிவிடுவார் என்று நாகேந்திரம் கணக்குப் போட்டார்.

எண்ணெய் விட்டால் கடற்காற்றிலும் மழையிலும் நிற்காது. அதனால் வெண்கலத் தூளோடு பென்சில்கரித் தூளைக் கலந்து, அழுத்திச் சுட்டு, கேற்றின் கீலுக்குள் செருகும் வளையமாகப் புஷ் செய்தார். தேயத் தேய உள்ளே இருக்கும் கரி தானே வெளிவந்து வழுக்கும், ஆயுளுக்கும் எண்ணெய் கேளாது என்று ஒரு விரிவுரையே நடத்தினார்.

"பொம்பிளை பாக்க இவ்வளவு மூளையைச் செலவழிச்சிருந்தியெண்டா, இப்ப பிள்ளை பள்ளிக்கூடம் போகும்" என்றார் வரதராசா.

ஞாயிறு காலை, உம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் புஷ்ஷைப் பூட்டிவிட்டு, வழக்கம்போலக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய் மாலையில் திரும்பினார். கேற் வாய் திறக்கவில்லை. உம்மாவின் பக்கம் வெளிச்சம் இருந்தும் திரை அசையவில்லை. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சியபடி பூனைபோல் நடந்து, இனி ஒரு தொந்தரவும் வேண்டாமென்று லைற்றும் போடாமல் படுத்தவர், அயர்ந்து தூங்கிவிட்டார்.

கதவு தட்டும் சத்தத்தில் எழுந்தார். வாசலில் பொலிஸ்காரர். கேற்றுக்கு வெளியே ஜீப்.

"நாகேந்திரம் கவுத?"

நான்தான் என்று சிங்களத்தில் சொல்லி, அடையாள அட்டையை நீட்டினார். உம்மா காட்டிக்கொடுத்துவிட்டார். இத்தனை நாளும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தது இதற்குத்தான். அறை மட்டுமா, ஆளே போகப்போகிறார். எண்ணெய் கேளாத புஷ்ஷைப் பற்றி இனி யாருக்கு விரிவுரை நடத்துவது?

பொலிஸ்காரர் அட்டையைப் பார்க்கவேயில்லை. ஜீப்பின் பக்கம் திரும்பி, ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று சிங்களத்தில் குரல் கொடுத்தார்.

முக்காட்டைப் பிடித்தபடி ஜீப்பிலிருந்து நளீபா உம்மா இறங்கினார். முகம் அழுது வீங்கியிருந்தது.

"கொட்டாஞ்சேனையில ஆக்கள புடிக்கிறாங்க எண்டாங்க, மகன். கேட் சத்தமும் கேக்கல்ல, ரூம்ல லைட்டும் இல்ல. ஒங்களயும் கொண்டுபோய்ட்டாங்க எண்டு பொலிஸ் பொலிஸா தேடினேன். ஒங்கட கேட் சத்தம் கேட்ட பொறகுதானே நான் ஒவ்வொரு நாளும் சாப்பிடவே ஒக்காருற."