ஆறு பேரும் ஒரு கம்ப்யூட்டரும்

ஒரு கம்ப்யூட்டர் வாங்க ஆறு பேர் வந்தார்கள்.

புஸ்தான் மாலின் இரண்டாம் மாடியில் என் கடை. நாலு பேர் உள்ளே வந்தாலே மூச்சு முட்டும். கெய்ரோவின் அந்த வெயிலிலும் ஆறு பேரும் விசேஷத்துக்குப் போகிற உடுப்பில் இருந்தார்கள். இரண்டு அம்மாக்களுக்கும் ஸ்டூல் போட்டேன். மற்றவர்கள் நின்றார்கள்.

யாருக்கு என்று கேட்டேன். வெளிர்நீல முக்காடு போட்ட பெண் சட்டென்று கையைத் தூக்கினாள்.

நெர்மின் என்று பெயர். வேலை செய்ய இல்லை, விளையாடத்தான் என்றாள். சொந்தமாக அவளுக்கு இதுதான் முதல் கம்ப்யூட்டர். இத்தனை வருஷமும் அண்ணன் வெளியே போனால் அவனுடையதில் விளையாடுவாள். அவன் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் எழுந்துவிட வேண்டும். பின்னால் நின்ற அண்ணன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள்.

பணம் இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பவுண்டு கிடையாது. அதில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு. போன வருஷத்து மாடல் போதும், ஆனால் பிட்காயின் மாதிரிக் காசு தோண்ட இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டைத் தலையில் கட்டக் கூடாது. பிராசஸர் நடுத்தரம். மெமரி இப்போதைக்குக் கொஞ்சம், பின்னால் சேர்க்க மதர்போர்டில் இடம் வேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. வண்ண விளக்கு எரியும் கேபினட்டைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காசையும் கார்டிலேயே போடுங்கள் என்றாள்.

கார்டை வாங்கிப் புரட்டினாள். யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று திருகுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணிக்கூடப் பார்த்தாள். அந்தப் பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல கார்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.

பணம் கொடுக்கப்போகிறவன் ஹாஸெம் என்கிற இளைஞன். அவன் கார்டைப் பார்க்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குத் தாண்டும்போதெல்லாம் நெர்மின் ஏதாவது ஒன்றை ஒதுக்கி வைப்பாள். அவன் அதை ஓசைப்படாமல் மறுபடி என் பக்கம் நகர்த்துவான். அவள் பார்த்துவிட்டால் திரும்பவும் ஒதுக்குவாள்.

அவனுடைய அப்பா இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார். அம்மாவுக்கு எல்லாமே வேடிக்கை. கார்டை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, நல்ல கனமாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டார்.

நெர்மினின் அம்மா மதீஹா மட்டும் வாய் திறக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வரவழைத்த டீ அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாம் தேர்ந்து முடித்து பில் போடப் பேனாவை எடுத்தபோது கேட்டார்.

"இன்ஜினியர், ரெண்டு வருஷம் கழிச்சு இதை வித்தா என்ன கிடைக்கும்?"

இந்த மாலில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவனெல்லாம் இன்ஜினியர்தான். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. பாதி விலை வந்தால் அதிர்ஷ்டம் என்றேன். இந்தச் சாமான் நாளுக்கு நாள் விலை இறங்குவதுதான், ஏறாது.

மதீஹா எழுந்தார். அந்தத் தெருவில் இன்னும் கடை மூடியிருக்க மாட்டார்கள், டாக்சி பிடித்தால் போய்விடலாம் என்றார். வேறு கம்ப்யூட்டர் கடையைச் சொல்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஹாஸெமின் முகம் வெளிறிப்போயிற்று.

"நாளைக்கே ஒண்ணுன்னா உன் கையில என்னடி இருக்கும்?" மகளிடம் கேட்டார் மதீஹா. திட்டுகிற குரல் இல்லை அது. பயந்த குரல்.

நெர்மின் கார்டைக் கீழே வைக்கவில்லை.

"விக்கிற நாளை நெனச்சு நான் வாங்க வரலைம்மா."

மெதுவாகத்தான் சொன்னாள். மதீஹா அவளைப் பார்த்தார். பிறகு, கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஹாஸெமை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவன் தலையைக் குனியவில்லை.

மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். இங்கேயே மாட்டிக் காட்டு, ஓடுகிறதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார் என்னிடம்.

மாட்டினேன். பிராசஸரை மட்டும் நெர்மின் தானே வைக்கிறேன் என்று கேட்டு வாங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அதன் இடத்தில் இறக்கினாள். கிராபிக்ஸ் கார்டு, மெமரி, ஒயர்கள் எல்லாம் முடிந்ததும் பட்டனை அழுத்தச் சொன்னேன்.

விசிறி சுற்றியது. திரை ஒளிர்ந்தது. நெர்மின் சின்னப் பிள்ளையாகக் குதித்தேவிட்டாள்.

மதீஹா கையை வாயருகே கொண்டுபோனார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

குலவை போட்டார்.

மால் முழுக்க அதிர்கிற மாதிரி, நீளமாக, மூச்சு விடாமல். ஹாஸெமின் அம்மாவும் சேர்ந்துகொண்டார். பிரிண்டர் கடைக்காரர், போன் ரிப்பேர் பார்ப்பவர், மாடிப்படியில் போனவர்கள் எல்லாரும் ஓடி வந்து என் வாசலை அடைத்துக்கொண்டார்கள். என்ன விசேஷம் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

மதீஹாதான் பதில் சொன்னார், கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு.

"நிச்சயத்துக்கு மாப்பிள்ளை பொண்ணுக்குப் போடுற நகையை எடுத்திருக்கோம்."