நாற்பத்து மூன்று மன்னிப்புகள்

பள்ளியில் சண்டையிட்ட மாணவர்கள் இவ்வாண்டு கொடுத்த மன்னிப்புக் கடிதங்கள் நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றும் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கண்ட தலைமையாசிரியர் ராம்குமாருக்கு ரத்தம் தலைக்கேறியது.

ஏற்கெனவே அவர் தலை சூடாகத்தான் இருந்தது. சென்ற வாரம் எட்டாம் வகுப்பு பிரசாத்தின் காதைத் திருகியதற்கு, இன்று நான்கு மணிக்குள் விளக்கக் கடிதம் வராவிட்டால் வேலைநீக்கம் என்று கல்வி அலுவலகம் ஓலை அனுப்பியிருந்தது. காலையிலிருந்து ஏழு தாள்களைக் கசக்கி எறிந்தாயிற்று.

கையெழுத்துக்கு உரிய ஒன்பதாம் வகுப்பு ஆஃப்ரீன் வந்து நின்றாள்.

"எல்லாம் நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"அடிச்சவன் ஒருத்தன், மன்னிப்புக் கேக்கறவ நீயா?"

"அவனுங்க 'மதிப்பிற்குரிய'லயே நின்னுடுறானுங்க சார்."

அவர் ஒரு கடிதத்தை உரக்கப் படித்தார்: "'தமிழ்மாறனின் தயிர்சாதத்தில் சாக்பீஸ் தூளைக் கலந்தேன். அவன் உப்பு பத்தவில்லை என்றது இன்னும் சிரிப்பாக வருகிறது. ஆனாலும் தப்பு.' இதுக்குப் பேரு மன்னிப்பா?"

"அவன் மனசுல கீறத சொன்னான் சார். பொய்யா எழுதுனா அப்பால மறுபடியும் அடிச்சிக்குவானுங்க."

"கேட்டவனுக்கெல்லாம் எழுதிக் குடுத்துடுவியா?"

"இல்ல சார். ஒரு ரூல் கீது. அடிச்சவன் முதல்ல அடிவாங்கினவன்கிட்ட போய்ப் பேசணும். அவனையும் கூட்டினு வரணும். அப்பதான் பேனாவத் தொறப்பேன்."

"இந்த ஸ்கூல்ல ரூல் போட நான் இருக்கேன். இது மோசடி. டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவேன். உக்காரு. நாற்பத்து மூணு மன்னிப்புக் கடிதம் எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுது."

ஐந்தே நிமிடத்தில் எழுதி நீட்டினாள்.

'தங்களை ஏமாற்றியது தப்பு. அதற்கு மனதார வருந்துகிறேன். சண்டை போட்டவர்கள் பேசிக்கொண்டதற்கு மட்டும் வருந்த முடியவில்லை.'

ராம்குமார் இருமுறை படித்தார். திருத்துவதற்கென்று எடுத்த சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பத்து.

தாழ்வாரத்தில் யாருமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, இழுப்பறையிலிருந்து அந்த ஓலையை எடுத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"இதே மாதிரி... எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்மா."

ஆஃப்ரீன் ஓலையை முழுதும் படித்தாள். பேனாவின் மூடியை அழுத்தி மாட்டினாள்.

"பிரசாத் எங்க சார்?"