முதலில் இறங்கியவன்

சுதேஷ் ஆற்றோடு போனது அவன் கொழுப்பினால்தான் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

பெற்ற தகப்பன் மயில்வாகனமே அதை நம்பினார்.

பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் கிளம்பினார்கள். கண்டியில் கேம்பஸ் பிள்ளைகளுக்குப் போக எங்கே இடம்? வாவியைச் சுற்றி ஒரு நடை. சிட்டி சென்டரில் மேலே ஏறி, ஒன்றும் வாங்காமல் கீழே இறங்குவது. ஹந்தானை மலைக்குப் போனால் அட்டை கடிக்கும். படகென்றால் காசு கேட்பான்.

மகாவலிக்கு டிக்கெட் இல்லை. போனார்கள்.

உடம்பு அணைக்கட்டுப் பக்கம் ஒதுங்கியது. திடீர் மரண விசாரணையில் கூடப் போன நாலு பேருக்கும் ஒரே வாய்.

"பந்தயம் கட்டிக் குதிச்சான். வேணாம்னு கத்தினோம். கேக்கவேயில்ல."

வத்தேகம சந்தியிலிருந்து வீடு வரை வெள்ளைக் கொடி கட்டியதும் அதே நாலு பேர்தான். படம் போட்ட பேனர் வேறு. 'மச்சான், நீ எங்கள் சிங்கம்.'

மயில்வாகனம் மாநகர சபையில் கிளார்க். மஞ்சள் கோடு இல்லாத இடத்தில் ரோட்டைக் கடக்காத மனுசன்.

"அரைகுறை நீச்சல வச்சிக்கிட்டு என்னா ஆட்டம்! பெத்தவங்கள ஒரு நிமிசம் நெனச்சானா?" என்று சுடுகாட்டில் வைத்தே சொன்னார். ஊர் காதில் விழத்தான் சொன்னார்.

"பந்தயத்துக்குக் குதிக்கிற புள்ளையா அவன்?" என்று கமலம் ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு புருசனோடு பேச்சை விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம். நாலு பேரும் வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இன்னொருத்தன் எங்க?" என்றாள் கமலம், சோற்றைப் போட்டபடி. "பஹீம். என் கையால எத்தன நாள் இட்லி தின்னிருப்பான். சாவுக்குக் கூட மூஞ்சியக் காட்டலயே."

நிரோஷன் அப்பளத்தை நொறுக்கினான். நாலு பேருக்கும் பேசுகிறவன் அவன்தான்.

"அவன் அன்னிக்கி வரவே இல்ல, அன்ட்டி. கம்பளையில மாமா வீட்டுல நின்னான்."

"ஆத்துக்கு வராட்டிப் போகட்டும். சாவுக்கு வரலாமில்ல?"

"பிலிமத்தலாவையில பெரிய கடைக்காரர் மகன்," என்றார் மயில்வாகனம். "நம்ம வீட்டு வாசல் எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. கறுப்பு அபாயாவில் ஒரு பெண் இறங்கினாள். பின்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஹீம்.

மயில்வாகனம் போய் வாசலை மறித்தார்.

"யாரு நீங்க?"

"இவன்ட உம்மா."

"காரியம் முடிஞ்சிருச்சி. சோறு இருக்கு. தின்னுட்டுப் போங்க."

செருப்பால் அடித்தது போலத்தான். அவள் நகரவில்லை.

"தின்ன வரல்ல. இவன் ஒன்டு சொல்லணும்."

நிரோஷன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். கைகூடக் கழுவவில்லை.

"டேய் பஹீம், பட்ச்சா எல்லாருமாச் சேந்து பேசி வச்சது என்னா?"

"நீங்க பேசினது போதும்," என்றாள் அவள். "இப்ப இவன் பேசட்டும். சொல்லு மகன்."

பஹீம் தலையைத் தூக்கினான்.

"நானும் போனேன், அங்கிள். முதல்ல இறங்கினது நான்தான். ஃபோட்டோவுக்கு. கல்லு வழுக்கிருச்சி. இவங்க கரையில நின்டு கத்தினாங்க. சுதேஷ் கத்தல்ல. குதிச்சான்."

சோற்றுக் கரண்டியோடு கமலம் அப்படியே நின்றாள்.

"என்னைத் தள்ளித் தள்ளிக் கல்லுல ஏத்திட்டான். அவனுக்கு ஏறத் தெம்பில்ல. நான் கை நீட்டினேன். எட்டல்ல."

மயில்வாகனம் மெல்ல நிரோஷன் பக்கம் திரும்பினார். "பந்தயம்னு சொன்னியேடா?"

"இவனோட வாப்பாதான் இவன் பேர் வெளிய வராமப் பாத்துக்கச் சொன்னாரு, அங்கிள்," என்றான் நிரோஷன். "சும்மா நின்னு பாத்தோம்னு தெரிஞ்சா எங்களுக்கும் கேம்பஸ்ல பிரச்சின. செத்தவனுக்கு இனி என்னான்னு..."

"செத்தவனுக்கு அப்பன் இருக்கான்டா! சுடுகாட்டுல வச்சி நான் அவன..."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

கமலம் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். பஹீமை அறையப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அவனைத் தாண்டிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"பெத்த புள்ளைய நீயே மாட்டிவிடுறியேம்மா. பயமில்லையா?"

"பயம்தான். இங்கேருந்து நேரா பொலிசுக்குத்தான் போறோம். அதுக்கு முந்தி நீங்க கேக்கணும்."

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும். போனா திரும்பி வராதேன்டு சொன்னார்." அபாயா முனையால் கண்ணைத் துடைத்தாள். "ஒங்கட மகன் இவன எனக்கி ரெண்டாம் தரம் பெத்துத் தந்திருக்கான். அவன்ட மேல பழியப் போட்டுட்டு இவனுக்குச் சோறு போட எனக்கி ஏலாம ஈக்குது."



மயில்வாகனம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் வர்றேன் ஸ்டேசனுக்கு."

படியில் இறங்கியவர் நின்றார். அவள் மகன் பேர் தெரியும். கடையின் பேரும் தெரியும்.

"ஒங்க பேர் என்னம்மா?"

"றம்லத்."